தாங்கள் என்று ஒரு கோபம்

சோலோ,
பிப்ரவரி 1983

மாட்சிமை பொருந்திய மஸ் பிரவிதோ அவர்களின் திருச்சமூகத்துக்கு, தங்கள் மனைவி ஹர்த்தினி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மகள் வெனிங்கும் நலம். சாமரிண்டா மரக்கம்பெனியில் தாங்களும் தங்கள் மேலான உடல்நலமும் செவ்வனே இருக்க இறைவன் அருள்வானாக.

மேலே உள்ள வரிகளைப் படித்ததுமே இந்தக் கடிதமும் இப்படித்தானா என்று தங்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்றட்டும். பெண்டாட்டி அரண்மனைப் பேச்சில் இறங்கினால் என்ன அர்த்தம் என்று ஜாவாவில் பிறந்த எந்தப் புருஷனுக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. கல்யாணமான புதிதில் "நமக்குள்ள மேல் கீழ் கிடையாது, என்னை நீன்னே கூப்பிடு" என்று சொன்னவர் தாங்கள். நானும் அப்படியே கூப்பிட்டு வந்தேன். இரண்டு நோன்புப் பெருநாளுக்குத் தாங்கள் ஊர்ப்பக்கம் தலைகாட்டாமல் போனதிலிருந்து, "நீ" என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

அது கிடக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் மகளுக்கு ஜாவா இலக்கியத்தில் பூஜ்யம். அவசரத்தில் போட்ட பூஜ்யம் இல்லை. ஜாவா பாடம் நடத்தும் பாக் விக்ஞோ சிவப்புப் பென்சிலைச் சீவி, நிதானமாக, கோலம் போடுவதுபோல வட்டமாகப் போட்ட பூஜ்யம். அடுத்த மாதக் கடைசியில் பள்ளியிலிருந்து ஜோக்ஜா பல்கலைக்கழகத்துக்குப் பெயர்கள் போகின்றன. நுழைவுத் தேர்வு இல்லாமல் மருத்துவப் படிப்பில் இடம். வெனிங்கின் பெயர்தான் முதலில் இருந்தது. ஒரு பாடத்தில் தவறினாலும் பெயரை அடித்துவிடுவார்களாம். உயிரியலில் முதல், வேதியியலில் முதல், கடைசியில் ஒரு குடையால் கவிழப்போகிறாள்.

ஆமாம், குடைதான். "பொன்முலாம் குடை" நாவலைத் தாங்களும் பள்ளியில் படித்திருப்பீர்கள். மறந்திருந்தால் சொல்கிறேன். அடுக்களையில் வேலை பார்த்த ஒரு பெண்ணை மன்னர் சேர்த்துக்கொள்கிறார். ஒரு மகன் பிறக்கிறான். பிள்ளைக்குப் பட்டம் கட்டித் தலைக்குமேல் குடையை விரித்த அன்றிலிருந்து பெற்றவள் அவனுக்குக் கீழே போய்விடுகிறாள். தரையில் உட்கார்ந்து "தாங்கள்" என்று பேசவேண்டும். அவன் அவளை "நீ" என்பான். கடைசி அத்தியாயத்தில் அரண்மனை அவனைத் துரத்திவிடுகிறது. கொட்டும் மழையில் அவள் குடிசை வாசலில் வந்து நிற்கிறான். அவள் உலக்கையை ஓரமாகச் சாத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, "இளவரசர் அமுது செய்தருளினீர்களா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான், நாவல் முடிந்தது.

பாக் விக்ஞோ வருஷாவருஷம் பிள்ளைகளுக்கு ஒரே பாடம் நடத்துகிறார். குடை என்பது மன்னரின் கருணைக்கு அடையாளம். கோட்டை முன்னே நிற்கும் ஆலமரம் அடைக்கலத்துக்கு அடையாளம். கடைசி வரி, உலகமே கைவிட்டாலும் கைவிடாத விசுவாசத்துக்கு அடையாளம். இந்த மூன்றையும் அழகான கையெழுத்தில் எழுதினால் பத்துக்கு எட்டு மதிப்பெண் நிச்சயம். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் எழுதிவிட்டுப் போயின. நம்முடையது எழுதுமா?

குடை ஒரு தலையைத்தான் மூடுகிறது, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவன் நனைகிறான், அவனைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறாள். சரி, அதையாவது வயசுக்கோளாறு என்று மன்னித்திருப்பார். கடைசி வரி விசுவாசமே இல்லையாம், கோபமாம். மகன் "வாடா" என்கிற ஒரு சொல்லுக்காக நனைந்துகொண்டு நிற்கிறானாம். அவள் மரியாதையாலேயே கதவைச் சாத்துகிறாளாம். அதற்குச் சான்று என்ன கொடுத்திருக்கிறாள் தெரியுமா? உட்கார்ந்துகொண்டு படியுங்கள். "என் அப்பா இரண்டு பெருநாளாக வீட்டுக்கு வரவில்லை. அதிலிருந்து என் அம்மா அவருக்கு அரண்மனைப் பேச்சில்தான் கடிதம் எழுதுகிறாள். அதை விசுவாசம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்."

நம் வீட்டுச் சண்டையைக் கொண்டுபோய்ப் பரீட்சைத் தாளில் எழுதிவைத்திருக்கிறாள்! ஆசிரியர்கள் அறையில் எல்லோரும் படித்தாயிற்று. அடுத்த தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இப்போது ஊரே அனுதாபப்படுகிறது. சோயா டெம்பே விற்கிற அம்மாள்கூட, "டீச்சர், சாமரிண்டாவுலேருந்து கடுதாசி வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு ஒரு துண்டு கூடுதலாக வைக்கிறாள். எனக்குக் குடை என்றால் மழைக்குப் பிடிப்பது. அதற்குமேல் ஒரு அடையாளமும் எனக்கு வேண்டாம் சாமி.

பாக் விக்ஞோ பூஜ்யத்தை மாற்றத் தயார். வெனிங் அவர் வீட்டுக்கு வந்து, முறையான மேல்பேச்சில், பெரியவரிடம் பேசும்படி பேசி, மன்னிப்புக் கேட்கவேண்டும். அங்கேதான் இடிக்கிறது. தங்கள் மகளுக்கு மேல்பேச்சு எங்கே வரும்? அவள் பிறந்தபோது, "சுதந்திர நாட்டுல பொறந்த கொழந்தை, யாருகிட்டயும் குனிஞ்சு பேச வேண்டாம், இந்தோனேசிய மொழி மட்டும் போதும்" என்று கொள்கை முழக்கம் செய்தது யார்? தெருவில் பொறுக்கிய கீழ்ப்பேச்சு வரும், சந்தையில் பேரம் பேச வரும். பெரியவர் முன்னால் நிற்கச் சொன்னால் வாய் ஒட்டிக்கொள்கிறது. கொள்கையைத் தாங்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டீர்கள். பெண்ணை என்னிடம் விட்டுவிட்டீர்கள்.

ஆகவே தாழ்மையுடன் வேண்டுவது, பெண்ணைப் பெற்றவர் என்ற முறையில் பாக் விக்ஞோவுக்குத் தாங்கள் நாலு வரி எழுதவேண்டும். தகப்பன் எழுத்துக்கு ஒரு கனம் உண்டு. முடிந்தால் நேரிலேயே வரலாம். கப்பல்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன என்று கேள்விப்படுகிறேன்.

தங்கள் பாதம் பணியும்,
ஹர்த்தினி


சோலோ,
மார்ச் 1983

மஸ் பிரவிதோ அவர்களுக்கு, தங்கள் பதில் கிடைத்தது. வெனிங் நலம். எனக்கு மட்டும் தலைவலி.

"தங்கள் மடல் கிடைக்கப்பெற்று மகிழ்ந்தேன். தாங்களும் மகளும் நலம்தானே? இங்குப் பணி மிகுதி. மகள் விஷயத்தில் தங்களுக்குச் சரியெனப் பட்டதைச் செய்யவும்." இதற்குப் பெயர் கடிதமா? கம்பெனி மேலாளர் மரம் வந்து சேர்ந்ததற்கு எழுதுகிற ரசீதுகூட இதைவிட நீளமாக இருக்கும். பாக் விக்ஞோவுக்கு எழுதச் சொன்ன நாலு வரி எங்கே? நான் கோபத்தில் தாங்கள் போட்டேன். தாங்கள் எதற்காகத் தாங்கள் போட்டீர்கள்?

போதும். இந்தத் தாங்கள் போட்டு எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. ஒழுங்காகத் திட்டக்கூட வரவில்லை. இனி நீ. நீ செய்த வேலையால் இங்கே என்ன நடந்தது என்று கேள்.

ஒரு வாரம் அவளை உட்காரவைத்து மேல்பேச்சு பழக்கினேன். கிளிப்பிள்ளைக்குச் சொன்னால்கூடத் திருப்பிச் சொல்லும். இவள், "ஏம்மா, பெரியவங்க சாப்பிட்டா அமுது, நான் சாப்பிட்டா வெறும் சோறா? ஒரே பானைதானே?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இலக்கணம் அது, கேள்வி கேக்காம உருப்போடுடி" என்றேன். "இலக்கணமா அது, குடை" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிசைந்துகொண்டிருந்த மாவை அவள் தலையில் கொட்டியிருப்பேன். அரிசி விற்கிற விலைக்கு மனசு வரவில்லை.

கடைசியில் ஒரு மாதிரி மனப்பாடம் ஆயிற்று. தேங்காய்ப்பால் ஊற்றிய ஸ்ராபி ஆப்பம் ஒரு தட்டு சுட்டு எடுத்துக்கொண்டு சாயங்காலம் போனோம். பெரிய பேர் போன குடும்பம்தான், வீடு என்னவோ இடிந்து விழுகிற நிலையில் இருக்கிறது. கூடத்தில் மழை ஒழுகுகிற இடத்தில் பித்தளைச் சட்டி வைத்திருந்தார்கள். பாக் விக்ஞோ இஸ்திரி போட்ட மேற்சட்டையும் தலைக்கட்டுமாக, அரசவைக்குப் போகிறவர்போல உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி இபு விக்ஞோ தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

வெனிங் மண்டியிட்டாள். கையைக் கூப்பினாள். எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பெண் பெரிய மனுஷியாகிவிட்டாள் என்று. அவள் வாயைத் திறந்தாள். "ஐயா, என் திருக்கரத்தால் எழுதிய கட்டுரைக்கு மன்னிப்புக் கேட்க, நான் தங்கள் வீட்டில் எழுந்தருளியிருக்கிறேன்."

பூமி பிளந்திருந்தால் அப்படியே உள்ளே போயிருப்பேன். அவருக்குப் போடவேண்டிய மரியாதையை எல்லாம் தனக்கே போட்டுக்கொண்டுவிட்டாள்! இது நம் ஊரில் அரைகுறையாக மேல்பேச்சு படித்த பிள்ளைகள் எல்லாம் செய்கிற தவறுதான். ஆனால் வேறு எங்காவது செய்திருக்கக்கூடாதா? இபு விக்ஞோ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறாள் என்று தெரிந்தது. நான் வெனிங்கைப் பின்னாலிருந்து கிள்ளினேன். அவள் பதற்றத்தில் இன்னும் உயரப் போனாள். "நான் திருவாய் மலர்ந்தது தவறு ஐயா."

பாக் விக்ஞோ சிரிக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. வேண்டுமென்றே கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டார். எழுந்து நின்று, மன்னர் முன்னால்கூட அவ்வளவு பேசியிருக்கமாட்டார், அப்படி ஒரு மேல்பேச்சில், "தாங்கள் இந்த எளியேனின் குடிலுக்கு எழுந்தருளியது அடியேன் செய்த பாக்கியம். தாங்கள் தேநீர் பருகியருளவேண்டும்" என்றார். பள்ளிக்கூடப் பெண்ணிடம்!

இங்கே உன் பெண் வாயை மூடிக்கொண்டு அழுதிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அவள் எழுந்து நின்றாள். மேல்பேச்சு, கீழ்ப்பேச்சு எல்லாவற்றையும் உதறிவிட்டு, நீ கற்றுக்கொடுத்த இந்தோனேசிய மொழியில், கண் விரிய, "ஐயா, இதேதான்! நீங்க இப்ப என் மேல பயங்கரக் கோவத்துல இருக்கீங்க, அதான் தாங்கள்னு சொல்றீங்க. நாவல்ல வர்ற அந்தம்மாவும் இப்படித்தானே கேட்டிருப்பாங்க!" என்றாள். திமிராகச் சொல்லவில்லை மஸ். கணக்குக்கு விடை கிடைத்த பிள்ளை மாதிரி சந்தோஷமாகச் சொன்னாள். அதுதான் இன்னும் மோசம்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து ரிக்‌ஷா ஏறினேன். வழியெல்லாம் திட்டினேன். அவள், "நான் தப்பா ஒண்ணும் சொல்லலையேம்மா" என்று ஒரே பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். ஸ்ராபித் தட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பெயர் அனுப்ப இன்னும் சில நாள்தான் இருக்கிறது. தலைமையாசிரியரைப் பார்த்தேன். "பாக் விக்ஞோ மனசு வெக்கணும், நான் என்ன பண்ண முடியும்?" என்று கையை விரித்துவிட்டார். டாக்டராகவேண்டிய பெண் இங்கே சந்தையில் டெம்பே விற்கப்போகிறாள். தகப்பன் அங்கே பணி மிகுதி.

எனக்குச் சரியெனப் பட்டதைச் செய்யச் சொல்கிறாய். எனக்கு எதுவும் சரியெனப் படவில்லை. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. உன் பேச்சில் எழுது.

ஹர்த்தினி


சோலோ,
மார்ச் கடைசி

மஸ்,

வெனிங்கின் பெயர் ஜோக்ஜாவுக்குப் போய்விட்டது. முதல் பெயராகவே போயிருக்கிறது. இதை முதலில் சொல்லிவிட்டேன், மூச்சு விட்டுக்கொள். எப்படிப் போயிற்று என்பதைச் சொன்னால் நீ நம்பமாட்டாய். பக்கத்தில் இருந்த நானே பாதிதான் நம்புகிறேன்.

நாங்கள் போய்வந்த சில நாளில் இபு விக்ஞோ என் பள்ளி வாசலில் வந்து நின்றாள். கையில் என் ஸ்ராபித் தட்டு. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன், நானும் தயாராகத்தான் இருந்தேன். அவள் தட்டைக் கொடுத்துவிட்டு, "டீச்சர், அவரு சோத்துல கை வெக்க மாட்டேங்கறாரு" என்றாள்.

பாக் விக்ஞோவைப் பெற்றவள் அந்தப் பெரிய வீட்டில் வேலைக்காரியாக இருந்தவளாம், எஜமானருக்குத்தான் இவரைப் பெற்றாளாம். நாவலில் வருவதேதான். "சாகற வரைக்கும் பெத்த புள்ளைய தாங்கள்னுதான் கூப்பிட்டாங்க. பக்கத்துல உக்காரச் சொன்னா உக்கார மாட்டாங்க. இவரு அதை அம்மாவோட பெருந்தன்மைன்னு நெனச்சே வாழ்ந்துட்டாரு. அந்தப் புத்தகத்தை வருஷாவருஷம் அவ்வளவு ஆசையா நடத்துறதே அதுக்காகத்தான். இப்ப உங்க பொண்ணு வந்துட்டுப் போனதிலேருந்து, எங்கம்மா என் மேல கோவமாவே செத்தாளான்னு என்னைக் கேக்கறாரு. நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள்.

எனக்கு ஐயோ என்று ஆகிவிட்டது. இத்தனை நாளாக அந்த மனிதரை நான் எவ்வளவு கரித்துக்கொட்டியிருக்கிறேன்! கௌரவம் பிடித்த கிழம், வறட்டு ஜம்பம், இன்னும் எழுதக்கூடாத எல்லாம். வீட்டுக்கு வந்து வெனிங்கிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ. அவள் முகம் சுருங்கிப்போயிற்று. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "எங்கேடி?" என்று நான் கேட்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள். மறுபடி எதையாவது உளறி இருக்கிற உயிரையும் எடுத்துவிடுவாளோ என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன்.

அவள் வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவர் கதவைத் திறந்தாராம். இவள் மேல்பேச்சு முயற்சியே பண்ணவில்லையாம். "ஐயா, எனக்கு நாவல்ல வர்ற அம்மாவைத்தான் தெரியும், உங்கம்மாவைத் தெரியாது. ஒண்ணு மட்டும் கேக்கலாமா? நீங்க பசியோட வீட்டுக்குப் போனா உங்கம்மா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டிருக்கிறாள். "என்ன பண்ணுவா? தாங்கள் சாப்பிடணும், தாங்கள் சாப்பிடணும்னு சொல்லிக்கிட்டே உருண்டை பிடிச்சு வாயில வெப்பா. வேண்டாம்னாலும் விடமாட்டா" என்றாராம்.

"அப்ப அது கோவம் இல்லைங்கய்யா" என்றிருக்கிறாள் உன் பெண். "நாவல்ல அந்தம்மா சாப்பிட்டீங்களான்னு கேக்கறாங்க, அத்தோட புத்தகம் முடிஞ்சுடுது. சோறு போடவே இல்லை. அதை வெச்சுத்தான் நான் கோவம்னு எழுதினேன். உங்கம்மா போட்டாங்களே."

பிறகு, மஸ், அந்த மனிதர் வாயிலிருந்து முதல்தடவையாகக் கீழ்ப்பேச்சு வந்ததாம். "மடக் கழுதை! சோறு போடலைங்கறதை ஏண்டி கட்டுரையில எழுதல? அடையாளம் அடையாளம்னு குடையைக் கட்டிக்கிட்டு அழுதியே, முக்கியமானதை விட்டுட்டியே! அரைகுறை! போ, உக்காந்து முழுசா எழுதிக் கொண்டா." அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ஏழு போட்டார். எட்டு ஏன் இல்லை என்று கேட்டாளாம். கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்தவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. மதிப்பெண்ணைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. "அம்மா, என்னைக் கழுதைன்னு திட்டினாரும்மா, 'டி' போட்டுத் திட்டினாரும்மா" என்று சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே அழுகிறாள். நான் திட்டுவதெல்லாம் அவளுக்குக் கணக்கில் இல்லை போலிருக்கிறது. ஒரு பெரிய மனுஷன் நின்று, அக்கறையாக, அவளைத் திட்டி எத்தனை காலம் ஆயிற்று?

அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் உன் கடிதத்தைக் கேட்டாள். அதுதான், உன்னுடைய அந்த ரசீது. கொடுத்தேன். படித்துவிட்டு, "தாங்கள்னு போட்டு நலம்தானேன்னு கேட்டிருக்காரு" என்றாள். கொஞ்சம் கழித்து, "அப்பாவுக்கு நம்ம மேல என்னம்மா கோவம்?" என்று கேட்டாள்.

பணி மிகுதி என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அங்கே உனக்குச் சோறு ஆக்கிப் போடுவது யார் என்று நான் இதுவரை கேட்டதில்லை. கடிதத்தில் கேட்கமாட்டேன். நீ வந்தபிறகு கேட்பேன், தெருவே கேட்கும்படி கேட்பேன். அதை உனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரியாமல் வந்து மாட்டிக்கொண்டேன் என்று சொல்லாதே.

ஜோக்ஜாவில் அவளைச் சேர்க்கும்போது கூடப்போக ஆள் வேண்டும். நான் போவேன், அது பிரச்சினை இல்லை. ஆனால் நீ வரவேண்டும். வந்து, இவ்வளவு வாய் எதற்கு என்று அவளைக் கேள். வீட்டு விஷயத்தைப் பரீட்சையில் எழுதினாயே என்று கேள். கையெழுத்தைப் பார்த்துக் கத்து. அவள் திருப்பிக் கத்துவாள், நானும் சேர்ந்துகொள்கிறேன். மூன்று பேரும் தொண்டை கட்டும்வரை கத்துவோம்.

இந்தக் கடிதத்துக்கு மரியாதையாக ஒரு பதில் மட்டும் எழுதிவிடாதே, மஸ். கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும். வந்து திட்டு.

ஹர்த்தினி